தேயாத எதிரொலி

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காவலாளி தன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். பட்டப்பகல். நீரேற்று நிலையத்தின் பின்பக்கம் அந்தப் பழைய டேங்க் பாதி மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. வட்டமான கான்கிரீட் கூரையின் மேல் புல் முளைத்திருந்தது. தெரியாதவர்கள் பார்த்தால் ஒரு சின்ன மேடு என்றுதான் நினைப்பார்கள். நடுவில் ஓர் இரும்பு மூடி, அதற்கடியில் ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு வாய்.

"நீங்கதான் ஃபோன் பண்ணவங்களா? என்னமோ ரெக்கார்டிங்குன்னு சொன்னாங்க."

"ஆமாண்ணே. உள்ள ஒரு பலூன் உடைக்கணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்தார். "பலூனா?"

"ஒண்ணு பத்தாதுண்ணே, நாலஞ்சு உடைப்பான்," என்றாள் அக்கா. ஏற்கெனவே கரகரத்துப்போயிருந்த குரல். "என் தம்பிக்கு உடம்புதான் வளர்ந்துச்சு."

காவலாளி சிரித்தபடி சாவிக்கொத்தை எடுத்தார். மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்து அனுமதி வாங்கியிருந்ததால் சுற்றிலும் நல்ல அமைதி. மூடியைத் திருகித் தூக்கியபோது உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்து முகத்தில் மோதியது. ஈர சிமெண்டும் துருவும் கலந்த வாடை. அதற்கடியில் இன்னொரு வாடையும் இருந்தது. பழைய பெயிண்ட் போல, மூக்கின் உச்சியில் போய் ஒட்டிக்கொள்வது.

எதற்காகப் பலூன் என்று சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் நான் செய்த தப்பும் புரியும்.

அக்கா கவிதை சொல்பவள். எழுதவும் எழுதுவாள், ஆனால் தாளில் படித்தால் அதில் பாதிதான் இருக்கும். மேடையில் நின்று, மூச்சை எங்கே விட வேண்டும், எங்கே இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்து அவள் சொல்லும்போதுதான் மீதிப் பாதி வரும். அவள் பின்னால் உட்கார்ந்து மின்னணு இசை போடுவது நான். தாளம் கிடையாது, மெட்டு கிடையாது. ஒரே ஒரு சுரத்தை எடுத்து, அது எங்கே தொடங்கியது என்பதே மறந்துபோகும் அளவுக்கு நீட்டிக்கொண்டே போவேன். அதன்மேல் இன்னொன்று. அறைக்குள் மெல்லப் பனி இறங்குவதுபோல இருக்கும். நான் அப்படிச் சொல்வேன். அக்கா வேறு மாதிரி சொல்வாள்: "டேய் பேட்டரி, இதுக்கு ஃப்ரிட்ஜைத் தூக்கிட்டு வந்து மேடையில வெச்சாப் போதாதா?" எப்போதும் பைநிறைய பேட்டரிகளோடு திரிவதால் எனக்கு அந்தப் பெயர்.

நூலக அரங்குகள், காபிக் கடைகள், ஒருமுறை ஒரு கார் நிறுத்துமிடம் என்று சின்னச் சின்ன இடங்களில் நாங்கள் நிகழ்ச்சி நடத்தியிருக்கிறோம். பெரிய பேரெல்லாம் இல்லை. ஆனால் கேட்டவர்கள் மறக்கவில்லை.

அந்த வருடம் அக்காவின் குரல்வளையில் ஒரு கட்டி வந்தது. குரல்வளை முழுவதையும் எடுத்தால் உயிருக்குப் பயமில்லை என்றார் மருத்துவர். எடுத்தால் குரல் இருக்காது. அறுவைக்கு நாள் குறித்துவிட்டு வந்த அன்று அக்கா அழவில்லை. என்னை உட்காரவைத்துச் சொன்னாள்: "போறதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லிடறேன். நீ நல்லா பிடிச்சு வை. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்து நான் முதல்ல கேக்கப்போறது என் குரலைத்தான். அது மட்டும் கெட்டுப்போச்சு, உன்னைக் கொன்னுடுவேன்."

அவளுடைய கடைசிப் பதிவு. அதற்குச் சாதாரண அறை போதாது என்று நான்தான் நினைத்தேன்.

பலூனுக்கு வருகிறேன். ஓர் அறைக்குள் பலூனை உடைத்தால் நாம் கேட்பது பலூனை அல்ல. அது உடைந்த கணத்திலேயே செத்துவிடும். அதற்குப் பின் கேட்பதெல்லாம் அந்த அறையைத்தான். சுவர் எவ்வளவு தூரம், கூரை எவ்வளவு உயரம், தரை கல்லா மண்ணா, எல்லாம் அந்த அதிர்வுக்குள் இருக்கும். அதைப் பிடித்து லேப்டாப்பில் வைத்துவிட்டால் அது ஓர் அச்சு. பிறகு எந்தக் குரலை வேண்டுமானாலும் அதற்குள் ஊற்றலாம். வீட்டில் உட்கார்ந்து பேசியது அந்த டேங்க்குக்குள் நின்று பேசியதாக வரும். முதல் தடவை இதைச் செய்து பார்த்த அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அவ்வளவு ஆச்சரியம்.

இதில் ஒரே ஒரு விதி. அச்சு எடுக்கும்போது அறை காலியாக இருக்க வேண்டும். மனித உடம்பு மெத்தை மாதிரி, சத்தத்தைக் குடித்துவிடும். உள்ளே ஆள் நின்றால், அந்த ஆளும் அச்சில் விழுவார்.

அதனால் நான் உள்ளே இறங்கவில்லை. மைக்கைக் கேபிளோடு இறக்கினேன். பலூனை ஒரு கயிற்றில் இறக்கி, நீளக் கம்பியின் நுனியில் கட்டிய ஊசியால் மேலிருந்தே குத்தினேன். ஹெட்ஃபோனில் இடி விழுந்தது. பிறகு அந்த இடி சுவரோடு சுவராகச் சுற்றத் தொடங்கியது. சுற்றிச் சுற்றி, மெலிந்து, பாட்டாகி, பெருமூச்சாகி, போய்க்கொண்டே இருந்தது. முடியவே இல்லை என்று தோன்றியது.

"ஆஹா," என்றேன்.

"என்னடா?"

"கேளு." ஹெட்ஃபோனை அக்காவின் காதில் வைத்தேன். அடுத்த பலூனை உடைத்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள், சத்தம் ஓயும் நேரத்தில் சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"கடைசியில யாரோ மூச்சு விடற மாதிரி இருக்கு."

"காத்துக்கா."

லேப்டாப் திரையில் பார்த்தேன். எதிரொலி ஒரே சீராகச் சரிந்து இறங்கும் மலைபோல இருக்க வேண்டும். நடுவில் ஓர் இடம் மட்டும் பல் விழுந்த ஈறுபோலப் பள்ளமாக இருந்தது. டேங்க்கின் நடுப்பகுதியில், ஏறக்குறைய ஆள் உயரத்தில், ஏதோ ஒன்று சத்தத்தைக் குடித்திருக்கிறது. சாக்கு எதாவது கிடக்கிறதோ என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். வறண்ட தரை. சுவரில் ஓர் இரும்பு ஏணி. வேறெதுவும் இல்லை. கேபிள் ஆடியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"முடிஞ்சுதா? மூடிடலாமா?" காவலாளி அவசரப்பட்டார்.

மூடுவதற்கு முன் அவர் செய்ததைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. வாயருகே குந்தி உட்கார்ந்து, உள்ளே பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: "உள்ள யாராவது இருக்கீங்களா?" கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவர்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டார். அவருடைய கேள்வியே சுற்றிச் சுற்றித் தேய்ந்தது. அது முழுவதும் ஓய்ந்த பிறகுதான் மூடியைத் திருகினார்.

"நாங்கதான் யாரும் இறங்கலையேண்ணே?"

"பழக்கம் தம்பி," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்காவின் குரலை அவள் வீட்டில் பதிந்தோம். சாமான் வைக்கும் சின்ன அறையைக் காலி செய்து, நான்கு பக்கமும் மெத்தைகளை நிறுத்தினோம். எதிரொலியே இல்லாத வெறும் குரலாகப் பிடித்து, பிறகு அதை டேங்க்கின் அச்சுக்குள் ஊற்றுவதுதான் முறை.

"மச்சான், மெத்தையெல்லாம் இங்க வந்துட்டா நாங்க எதுல படுக்கறது?" என்றார் மாமா. அக்காவின் கணவர். மெத்தையைத் தாங்கிப் பிடிப்பது அவர் பொறுப்பு.

"நின்னுக்கிட்டே தூங்குங்க. ஆபீஸ்ல அதானே பண்றீங்க," என்றாள் அக்கா.

குரல் தாங்கும்வரை ஒரு கவிதை, பிறகு வெந்நீர், பிறகு ஓய்வு என்று பதிவு நகர்ந்தது. மெத்தைகளுக்கு நடுவில் அவள் சொன்ன ஒன்று இது:

*எனக்குப் பிறகும் என் கதவு கிறீச்சிடும்.*
*எண்ணெய் விடாதீர்கள்.*
*நான் வந்துவிட்டேன் என்று*
*வீட்டுக்குச் சொல்ல*
*அதற்கு வேறு வழி தெரியாது.*

சொல்லி முடித்ததும் மாமா மெத்தைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சினார். "அதுவும் ரெக்கார்ட் ஆகுது," என்றாள் அக்கா.

கடைசிக் கவிதை முடிந்த மறுநாள் அவளை மருத்துவமனையில் சேர்த்தோம். அறுவை நல்லபடியாக நடந்தது. அவள் அங்கே தேறிக்கொண்டிருந்த நாட்களில், அதே மெத்தை அறையில் உட்கார்ந்து நான் இசையைச் சேர்க்கத் தொடங்கினேன்.

அச்சை எடுத்தவர்கள் எல்லாரும் முதலில் செய்வது, வாலை வெட்டுவது. எதிரொலி தேய்ந்து தேய்ந்து வெறும் இரைச்சலோடு கலக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே கத்தரி போட்டுவிடுவார்கள். அதற்குப் பின்னால் இருப்பது குப்பை.

நான் வெட்டவில்லை. என் மாதிரி இசை போடுகிறவனுக்கு வால்தான் பொக்கிஷம். அந்தக் கடைசி மூச்சு போன்ற பகுதியை எடுத்து, அதன் முடிவை அதன் தொடக்கத்தோடு ஒட்டி வளையமாக்கினேன். பிறகு தேய்வைக் கட்டுப்படுத்தும் குமிழை அடிமட்டத்துக்குத் திருகினேன். அப்படித் திருகினால் எதிரொலி தேயாது. ஒருமுறை உள்ளே போன சத்தம் என்றைக்கும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன்மேல் அக்காவின் குரல்.

இத்தனை வருடமாக அந்த டேங்க்குக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, அநேகமாக ஓய்ந்துவிட்டிருந்த ஒன்றுக்கு, இனி ஓயாமல் இருக்க நான் வழி செய்து கொடுத்தேன். பேச ஒரு குரலையும் கொடுத்தேன்.

முதல் நாள் அழகாக இருந்தது. நான் செய்ததிலேயே அழகானது அதுதான்.

இரண்டாவது கவிதையில் ஒரு விநோதம். எதிரொலி என்றால் பின்னால் வருவது. இங்கே அக்கா வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, தூரத்தில், அவள் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. ஏதோ வரிசை மாறியிருக்கிறது என்று எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பூட்டினேன். மறுபடியும் அதே மூச்சு, முன்னால்.

அடுத்த நாள், கவிதைக்கு நடுவில் அவள் விட்ட ஓர் இடைவெளியில், எதிரொலி தனியாகப் பேசியது.

"பாதம் நனையுது."

அக்காவின் குரல். சந்தேகமே இல்லை. ஆனால் அக்கா அப்படி எங்கேயும் சொல்லவில்லை. பதிவுகளுக்கு நடுவே எதையாவது முணுமுணுத்திருப்பாள் என்று வெறும் குரல் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். அந்த வார்த்தை இல்லை.

அப்போது வேறொன்றைக் கவனித்தேன். அந்தப் பதிவுகளில் அக்காவின் குரல் நான் பிடித்தபோது இருந்ததைவிடக் கம்மியிருந்தது.

மறுநாள் இன்னும் கம்மியது.

அதற்கு மறுநாள் அது குரலாகவே இல்லை.

குரல் எப்படி உண்டாகிறது தெரியுமா? தொண்டைக்குள் குரல்வளை ஒரு வண்டுபோல ரீங்காரம் செய்யும். அவ்வளவுதான் அதன் வேலை. நாக்கும் உதடும் பல்லும் அந்த ரீங்காரத்தை வெட்டிச் செதுக்கி வார்த்தையாக்கும். ரீங்காரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் காற்றின் கிசுகிசு. என் பதிவுகளில் இப்போது அதுதான் இருந்தது. வார்த்தைகள் இருந்தன, மூச்சு இருந்தது, உதடு ஒட்டிப் பிரியும் சின்னச் சத்தம்கூட இருந்தது. ரீங்காரத்தை மட்டும் யாரோ உருவி எடுத்திருந்தார்கள். மருத்துவர் அக்காவின் கழுத்தில் செய்ததை இது பதிவில் செய்திருந்தது.

மாமாவிடம் ஒரு நகல் கொடுத்து வைத்திருந்தேன். ஓடிப்போய் அதைப் போட்டேன்.

கிசுகிசு.

"என்ன மச்சான், ரகசியம் பேசறா?" என்றார் மாமா. பாவம், புரியவில்லை. புரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அறைக்குத் திரும்பி டேங்க்கின் வளையத்தைத் திறந்தேன். அங்கே அவள் குரல் முழுசாக இருந்தது. கட்டி வருவதற்கு முன்னால் இருந்த தெளிவோடு, கணீரென்று இருந்தது. அது கவிதை சொல்லவில்லை.

"முட்டி வரைக்கும் வந்துடுச்சு. மேல யாரு?"

கொஞ்ச நேரம் சுற்றல்.

"இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு. அண்ணே, மேல யாரு இருக்கா?"

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தேன். நேராக நீரேற்று நிலையத்துக்குப் போனேன்.

காவலாளி என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "மூடி சரியாத்தானே போட்டேன்?" என்றார் முதலில்.

"உள்ள யாருண்ணே?"

சாவிக்கொத்தை உருட்டினார். பிறகு சொன்னார். "எனக்கு முன்னாடி இருந்தவர் சொன்னது தம்பி. உள்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க ஆளுங்க வந்திருக்காங்க. வேலை முடிஞ்சு எல்லாரும் ஏறிட்டாங்கன்னு நினைச்சு மூடியிருக்காங்க. ஒரு பொண்ணு தூரிகையை எடுக்கத் திரும்ப இறங்கினது யாருக்கும் தெரியல. வீட்டுக்குப் போயிட்டான்னு நினைச்சு, காஞ்சதும் தண்ணி விட்டுட்டாங்க."

"கத்தியிருப்பாங்களே!"

"சுவரு எவ்வளவு கனம் பாத்தீங்கல்ல? கத்தினா உள்ளயேதான் சுத்தும்." குரலைத் தாழ்த்தினார். "அதுலேர்ந்து அந்த டேங்க்கைப் பயன்படுத்தறது இல்ல. மூடறதுக்கு முன்னாடி கேக்கணும்னு மட்டும் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க."

"முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க பலூன் உடைக்கறேன்னு சொன்னீங்க தம்பி. அதுல என்ன வந்துடப்போகுதுன்னு நினைச்சேன்."

அக்கா வீட்டுக்கு வந்தாள். கழுத்தின் அடியில் மூச்சு விட ஒரு துளை, அதன்மேல் மெல்லிய துணி. கையில் எழுதி அழிக்கும் பலகை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எழுதிக் காட்டினாள்: "எங்கடா என் குரல்?"

மாமா ஏதேதோ சொல்லித் தள்ளிப்போடப் பார்த்தார். அவள் விடவில்லை. மெத்தை அறைக்குள் போய், மெத்தையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரைக் காட்டினாள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். காவலாளி சொன்னதையும் சொன்னேன். பிறகு போட்டேன்.

"கழுத்து வரைக்கும் வந்துடுச்சு," என்றது அவள் குரல். "அண்ணே. அக்கா. யாராவது மூடியைத் திறங்க."

அக்கா அசையாமல் கேட்டாள். கன்னத்தில் நீர் வழிந்தது. இழந்த தன் குரலுக்காகவா, அந்தப் பெண்ணுக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. பலகையை எடுத்து எழுதினாள்.

"பாவம்டா. இன்னும் உள்ளயே நிக்கிறா."

துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள்.

"நான் இல்ல இது. விட்டுடு. போகட்டும்."

"அழிச்சா உன் குரலும் போயிடும்க்கா. வேற எங்கயும் இல்ல."

"தெரியும்" என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடு போட்டாள்.

ஒரேயடியாக அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அது மறுபடியும் மூடியைப் போட்டு மூடுவதுபோல இருந்தது. அதற்குப் பதிலாகத் தேய்வுக் குமிழைப் பழையபடி திருப்பினேன். இயற்கையாக ஓயட்டும். வளையத்தைப் பிரித்தேன். குரல் சுற்றத் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மெலிந்தது.

ஓயும் சத்தம் எங்கே போகிறது என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கேள்வி. அது காணாமல்போவதில்லை. சுவரில் பட்டால் திரும்பிவிடும். துணி, பஞ்சு, உடம்பு என்று மிருதுவான எதன்மேலாவது பட்டால், அதற்குள் நுழைந்து, கொஞ்சமே கொஞ்சம் சூடாக மாறித் தங்கிவிடும். அந்த அறையில் எல்லாமே மிருது. அதனால்தான் சீக்கிரம் ஓய்கிறது என்று மாமாவுக்கு விளக்கிச் சொன்னேன். அவர் கதவருகே நின்று தலையாட்டினார்.

"மேல யாரு…"

"யாரு…"

பிறகு வெறும் மூச்சு. பிறகு அதுவும் இல்லை.

அக்கா கழுத்துத் துணியின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை எச்சிலை விழுங்கினாள். அவ்வளவுதான். திரையில் கோடு நேராக ஓடியது. எல்லாக் கோப்புகளையும் அழித்தேன். மெத்தைகளைக் கட்டிலுக்குக் கொண்டுபோனோம்.

அதன்பின் வீடு அமைதியாக இருந்தது. அக்கா தேறினாள், பலகையில் மாமாவைத் திட்டினாள், புதிதாக ஒரு கவிதைகூட எழுதினாள். குரலைப் பற்றிய பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. காயம் முழுவதும் ஆறியதும், பேச்சுப் பயிற்சிக்கு வரலாம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நானும் மாமாவும் அவளோடு போனோம்.

பயிற்சி கொடுப்பவர் கலகலப்பான பெண்மணி. வெயில் நேராக விழும் அறை, மேசை, கண்ணாடி, நாற்காலிகள். அவர் டார்ச் லைட் போன்ற ஒரு சின்னக் கருவியை எடுத்து என்னிடம் காட்டினார். எனக்கு அதைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. நுனியைக் கழுத்தில் அழுத்திப் பொத்தானைத் தட்டினால் அது ரீங்காரம் போடும். குரல்வளை செய்த வேலையை அது செய்யும், மீதியை வாய் பார்த்துக்கொள்ளும்.

"முதல்ல கொசு கத்தற மாதிரிதான் வரும்மா. பயப்படக் கூடாது. உங்க பழைய குரலை எதிர்பாக்கவும் கூடாது," என்றார் அக்காவிடம். "சும்மா இடம் பாத்து வெச்சு, தம்பியை ஒரு தடவை கூப்பிடுங்க."

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். கருவியைத் தாடைக்கடியில் வைத்தாள். உதடுகள் அசைந்தன. அவள் என்ன சொன்னாள் என்பது உதட்டைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. 'டேய் பேட்டரி.'

"அப்பா, என்ன வெளிச்சம்," என்றுதான் காதில் விழுந்தது.

அக்காவின் குரல். கணீரென்று.

பயிற்சி கொடுப்பவர் கைதட்டிவிட்டார். "அடேயப்பா! இவ்வளவு தெளிவா நான் யாருக்குமே…" பாதியில் நிறுத்தினார். கருவியை உற்றுப் பார்த்தார். "அம்மா, நான் இன்னும் அதுல பேட்டரியே போடலையே."

மாமா எழுந்து நின்றார்.

அக்காவின் கண்கள் பெரிதாகின. உதடுகள் வேகவேகமாக அசைந்தன. 'நிறுத்துடா, நிறுத்துடா' என்று அவை சொல்லின. அவள் கருவியைக் கழுத்திலிருந்து எடுத்து மடியில் போட்டாள்.

குரல் நிற்கவில்லை.

"ஏணி பூரா வழுக்கல். எப்படியோ ஏறிட்டேன்." மூச்சு வாங்கியது. நிம்மதியான மூச்சு. "கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன். கடைசியில இந்த அக்காதான் திறந்துவிட்டாங்க. நல்லவங்க."

"யாரு நீ?" என்று கேட்டேன். "என் அக்கா எங்க?"

"நான் நின்ன இடத்துலதான் நிக்கிறாங்க," என்றது. சாதாரணமாக, வழி சொல்வதுபோலச் சொன்னது. "பயப்படாதீங்க. நேரம் இருக்கு. அவங்களுக்கு இப்பதான் பாதம் நனையுது."

வெயில் அடித்த அந்த அறையில், காய்ந்த தரையையே பார்த்தபடி, அக்கா மெதுவாக இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டாள்.